அறுப்புக்கு ஆள் தேடி வந்தவர்

நேற்று திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் நகராமல் நின்றபோது பக்கத்தில் ஒரு வைக்கோல் லாரி. அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். "ஆளிறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்ல இந்த வயதிலும் எனக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமவேண்டும். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும்.

எழுபதுகளில் அந்த முக்கில்தான் காலையில் வேலைக்கு நிற்போம், எங்கள் நாஞ்சில்நாட்டு ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். திங்கட்கிழமை வந்தால் சனிக்கிழமைதான் ஊர். மேஸ்திரி கைகாட்டுகிறவர்கள் லாரியில் ஏறிக் கட்டட வேலைக்குப் போகலாம். எனக்குச் சித்தாள் வேலை. திருவனந்தபுரத்தில் வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்தன. ஊர்க்கூலி எங்களுக்குச் சிறிதாகிவிட்டது.

ஒருநாள் தாணு பிள்ளை அங்கே வந்து நின்றார். ஊரில் நாங்கள் அறுத்த வயல் அவருடையது. கூலி நெல்லுக்காகக் களத்தில் அவர் வரும்வரை காத்து நின்றிருக்கிறோம். அன்றைக்கு விடிகாலை பஸ்ஸில் வந்திருந்தார், வேட்டியெல்லாம் கசங்கி.

"மழ இருட்டிட்டு நிக்கி. நெல்லு சாஞ்சு கெடக்கு. நாலு நாளு வந்தாப் போரும். பஸ்கூலியும் தாறேன், வாங்கம்மா."

எங்களில் மூத்தவளான செல்லம்மக்கா சொன்னாள்: "ஊருல ஏட்டின்னு கூப்பிட்ட வாயி. பஸ்சேறி வந்தா அம்மான்னு வருகு போல."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

என் பக்கம் திரும்பினார். "ஒங்க அம்மை ஒருத்திதான் அருவாளோட நிக்கா பிள்ளே. ஒத்தைக்கு அவ என்ன செய்வா?"

மேஸ்திரி பீடியை எறிந்தான். "போறவங்க போலாம். நாளைக்கு இங்க வேற ஆளு நிக்கும், கேட்டோ."

வாயைத் திறந்தால் "வாறேன்" என்றுதான் வந்திருக்கும். திறக்கவில்லை. கூச்சம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். இடம் போய்விடுமோ என்ற பயம்தான். லாரியில் ஏறினேன். மற்றவர்களும் ஏறினார்கள்.

மழையில் நெல் வயலிலேயே முளைத்துப்போனது. மறுவருஷம் அவர் தென்னங்கன்று வைத்தார். தென்னைக்கு அத்தனை ஆள் வேண்டாம். அம்மாவின் கூலி நெல் அத்தோடு நின்றது. ஊரில் அவளுக்கு வேறு வேலையும் இல்லாததால் என்னோடு கூட்டிவந்தேன்.

முக்கில் என் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரி எனக்குக் கைகாட்டினான், அவளுக்குக் காட்டவில்லை.

"நீ போ மக்கா, வெயிலு ஏறுகு" என்றாள். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது.

அறுப்பில் அவளை முந்த ஆள் கிடையாது. அதை மேஸ்திரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் இப்போது அறுக்க ஒரு வயல்கூட இல்லை.