லைல் சிரிக்கிற இடம்

கிளெண்டா பிராக்னோ வீட்டுப் பால் டப்பாவில் பேனாக் கோடு இருக்கும். எந்த அளவில் மூடி வைத்தாளோ அந்த அளவில் ஒரு கோடு. வீட்டில் இருப்பது அவளும் அவள் கணவன் லைலும் மட்டும்தான். சர்ச் விருந்துக்குக் கொண்டுவரும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் எல்லோரையும் போல அவளும் பெயர் எழுதிய காகித டேப் ஒட்டுவாள். அதோடு விடமாட்டாள். பக்கவாட்டில் ஒன்று, மூடியின் உட்புறம் ஒன்று. பாத்திரம் திரும்பி வந்ததும் மோந்து பார்ப்பாள், யாராவது நடுவில் அதில் மீன் சமைத்துவிட்டார்களா என்று.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் அவளோடு வேலை பார்த்தவள் நான். அவளைக் கேலி செய்வேனே தவிர, குறை சொல்ல மனசு வராது. அவளுடைய அப்பா சனிக்கிழமைதோறும் பேட்டரி வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவாவில் அவருக்கு இன்னொரு வீடும் இன்னொரு மனைவியும் இருந்தது தெரியவந்தபோது இவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்படி வளர்ந்தவள் யாரை நம்புவாள்?

லைலை நம்பினாள். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

எங்கள் ஊர் ஒரு சினிமாவில் வந்த ஊர். 1984 கோடையில் எடுத்தார்கள். ஐந்து பிள்ளைகள், ஐந்து சைக்கிள், மூடிப்போன பீர் ஆலைக்கு அடியில் ஒரு சுரங்கம், அதில் பழைய சாராயக் கடத்தல்காரன் ஒளித்த தங்கம், துரத்தி வரும் மூன்று மடையர்கள். தங்கத்தைக் கண்டுபிடித்து, இடிக்கவிருந்த ஸ்கேட்டிங் கூடத்தைப் பிள்ளைகள் காப்பாற்றுவார்கள். அவ்வளவுதான் கதை. பத்திரிகைக்காரர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். நாற்பது வருஷமாகியும் அந்தப் படம் சாகவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் நட்பு என்பார்கள், சைக்கிள் என்பார்கள், அப்பா அம்மா தேடாத அந்தக் காலத்துக் கோடை விடுமுறை என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் அந்த ஐந்து பிள்ளைகளை யாரும் பார்ப்பதே கிடையாது. அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஹார்டுவேர் கடை வாசலில் ஒருத்தியின் அப்பா நிற்பார். இன்னொருத்தர் விற்றுவிட்ட நீல நிற லாரி போகும். செத்துப்போன என் பழைய நாய் தபால் பெட்டிக்குக் காலைத் தூக்கும். அதற்காகவே நான் வருஷம் தவறாமல் போகிறேன்.

1995 முதல் ஜூலை மூன்றாவது சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்து வெள்ளைச் சுவரில் படம் போடுகிறோம். காலையிலேயே மடக்கு நாற்காலிகளைப் புல்லில் போட்டு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள். கிளெண்டா மட்டும் தன் இரண்டு நாற்காலிகளையும் சேர்த்துக் கயிறு கட்டிவிட்டுப் போவாள்.

லைல் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. வீடுகளைச் சூடாக்குகிற ஃபர்னஸ்களைப் பழுது பார்ப்பவர், பேச்சும் கம்மி. படம் முழுக்க ஊரே சிரிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு இடத்தில், வேறு யாரும் சிரிக்காத இடத்தில், மூக்கால் ஒரே ஒரு தடவை சிரிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சைக்கிள்கள் லாண்டரி கடையைத் தாண்டிப் போகிற இடம் அது. வாசலில் மஞ்சள் நிக்கர் போட்ட ஒரு பெண் சோடா குடித்துக்கொண்டு நிற்பாள். வசனம் கிடையாது, வேடிக்கையும் கிடையாது.

போன பிப்ரவரியில் கிளெண்டா என் வீட்டுக்கு வந்தாள்.

"மார்லிஸ், உன் நாயைக் கொஞ்சம் குடு."

"எதுக்குடி?"

"குளிப்பாட்டணும்."

"உனக்கு நாய்ன்னாலே ஆகாதே. எங்க பிஸ்கட் வாலாட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்தாலே அடிக்கப் பேப்பரைச் சுருட்டுவ."

உட்கார வைத்து, காபி கொடுத்துத்தான் விஷயத்தைக் கறந்தேன். மஞ்சள் நிக்கர்க்காரி யார் என்று நூலகத்துச் சுவரில் மாட்டிய பழைய போட்டோவிலிருந்து பெயரைப் பிடித்திருக்கிறாள். கானி வாண்டஹே. பக்கத்து ஊரில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் படத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறவள்.

"வீட்டுல அதே படத்தோட வீடியோ டேப் இருக்கு. எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம். அந்த எடம் வந்தா கல்லு மாதிரி உக்காந்திருக்கான். ஊர் நடுவுல மட்டும் சிரிப்பு வருது. அப்ப என்ன அர்த்தம்? அவ அங்க நேர்ல இருக்கா. அவளுக்குக் கேக்கணும்னு சிரிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும், யோசித்தபோது கணக்குச் சரியாக இருப்பதாகத்தான் பட்டது. எந்த ஆம்பளை மனசில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது. நானே வண்டியை எடுத்தேன்.

கானிக்கு இப்போது அறுபதை நெருங்குகிற வயது. மூக்குக் கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கியது, முழங்கை வரை நாய் முடி. பிஸ்கட்டை மேசையில் தூக்கி வைத்துக் கத்தரியை எடுத்தாள். கிளெண்டா சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க அந்தப் படத்துல வந்தவங்கதானே?"

"அஞ்சு செகண்டு வந்தேன். அதுக்கு இன்னும் கையெழுத்துக் கேட்டு வர்றாங்க, வேலை வெட்டி இல்லாதவங்க."

"என் வீட்டுக்காரர் நீங்க வர்ற எடத்துல மட்டும் சிரிக்கிறாரு. லைல் பிராக்னோ."

கத்தரி நின்றது. கிளெண்டா நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபர்னஸ் லைலா?" என்றாள் கானி. "எங்கம்மா வீட்டுக்கு வந்திருக்காரே. மூணு மணி நேரம் இருந்தாரு. ஃபில்டரை மாத்துங்கன்னாரு, போயிட்டாரு. அவரு என்னைப் பார்த்தா சிரிக்கிறாரு? அவரு தம்பியைப் பார்த்துச் சிரிப்பாரும்மா."

"எந்தத் தம்பி?"

"ராய்ஸ்தான். துணிக்கூடையோட கடைக்குள்ள நின்னான். வெளிய வராதடான்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு தடவை வந்து கெடுத்தான். மூணாவது தடவையும் வந்தான். டைரக்டருக்கு வெறுத்துப்போயி அப்படியே விட்டுட்டாரு."

"நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டேன். அங்க உங்களைத் தவிர யாரும் இல்ல."

"டேப்புலயா பார்த்தீங்க? டேப்புல தெரியாது. டிவிக்குள்ள அடக்கறதுக்கு ரெண்டு பக்கத்தையும் வெட்டிருவாங்க. செவுத்துல போடறதுதான் முழுசு. வலது ஓரத்துல பாருங்க, வருவான்."

எனக்கும் தெரியாது. சுவரில் ஓடும்போது கிளெண்டாவின் கண் லைல் முகத்தில்தான் இருக்கும். அடுத்து என் நாய் இடது பக்கம் வரும் என்பதால் நான் அந்த நேரம் அங்கேயே கண்ணை வைத்திருப்பேன்.

திரும்பி வரும்போது ராய்ஸ் பேச்சை எடுக்க எனக்குப் பயம். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஈஸ்டரில் நடந்தது அது. ராய்ஸுக்கு வேலை போய், அண்ணன் லைல் வீட்டு நிலவறையில் தங்கியிருந்தான். கிளெண்டாவின் அம்மா மோதிரம், பச்சைக் கல் வைத்தது, சமையலறை ஜன்னல் விளிம்பிலிருந்து காணாமல் போனது. ஈஸ்டர் விருந்தில் மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தோம். பன்றிக்கறி ஹாமை வெட்டிப் பரிமாறியாயிற்று. "இந்த வீட்டுல வெளியாள் ஒருத்தன்தான் இருக்கான். மோதிரம் எங்கேன்னு அவனைக் கேளுங்க" என்றாள் கிளெண்டா. ராய்ஸ் வாயைத் துடைத்தான், கைக்குட்டையை மடித்து வைத்தான், கோட்டை எடுத்துக்கொண்டு போனான். லைல் எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மொன்டானாவிலிருந்து அவன் அனுப்பிய ஒன்றிரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்ததோடு சரி.

ஊர் எல்லை வந்தபோது கிளெண்டா சொன்னாள், "மோதிரம் கிடைச்சிருச்சு, மார்லிஸ்."

"எப்போ?"

"அடுத்த வருஷமே. அக்டோபர்ல. தரையில சூடு காத்து வருமே, அந்தத் துளைச் சல்லடையைத் தூக்கிக் கூட்டினேன். கீழயே இருந்துச்சு."

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் எஞ்சினையும் அணைத்தேன்.

"இத்தனை வருஷமா சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? முதல் வாரம் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் ஆயிடுச்சு. அப்புறம் பத்து வருஷம். மறைச்சு வச்சுக்கிட்டே பக்கத்துல படுத்திருந்தேன்னு தெரிஞ்சா லைல் என்னோட இருப்பானா? உங்க அப்பனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்ல?"

ஐந்து மாதம் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. அவளும் லைலிடம் சொல்லவில்லை.

இந்த ஜூலையில் மழை. சுவரில் போட முடியாமல் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கு மாற்றி, மாலை நாலு மணிக்கே போட்டார்கள். கிளெண்டாவும் லைலும் உட்கார, நான் நேர் பின்னால் உட்கார்ந்தேன். என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான்.

லாண்டரிக் கடை வந்தது. இந்தத் தடவை நான் என் நாயை விட்டுவிட்டு வலது ஓரத்தைப் பார்த்தேன். ராய்ஸ், பதினாறு வயது, இடுப்பில் துணிக்கூடையோடு வெளியே வருகிறான். கேமராவைப் பார்த்துவிடுகிறான். தப்பு என்று தெரிகிறது. உள்ளே ஓடாமல், நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தாடையைச் சொறிகிறான். கூடையிலிருந்து ஒரு சாக்ஸ் விழுகிறது. குனியவே இல்லை. நாலு நொடி, முடிந்தது.

லைல் மூக்கால் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"லைல்," என்றாள் கிளெண்டா. "மோதிரம் கிடைச்சிருச்சு. தரைத் துளையில இருந்துச்சு. தொண்ணூத்தஞ்சுலயே எடுத்துட்டேன்."

லைல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தத் துளையெல்லாம் சுத்தம் பண்றது யாரு? ஆகஸ்ட்ல பார்த்தேன், குழாய்க்குள்ள தள்ளிக் கெடந்துச்சு. எடுத்து, உன் கண்ணுல படற மாதிரி சல்லடைக்குக் கீழ வச்சேன். அக்டோபர்ல பார்த்தா இல்ல. சரி, இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

ஊரையே வேவு பார்த்தவளை வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் இவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி லைல்மேல் போனது. அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே இந்த மனுஷன்.

லைல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஒரு எண்ணைத் தட்டினார், அவளிடம் கொடுத்தார். தம்பியோடு இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாமல் வேலை வண்டியிலிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கிளெண்டா எழுந்து கூடத்துக்கு வெளியே போனாள். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் அவள் பேசுவாள்.

"சொல்லு லைல்."

"லைல் இல்ல. கிளெண்டா." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மோதிரம் வீட்டுலயேதான் இருந்துச்சு, ராய்ஸ். நீ எடுக்கல."

"எடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே."

கிளெண்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னை மன்னிச்சிரு."

"போன்லயா?" என்றான் ராய்ஸ். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அன்னிக்கு போன்லயா சொன்னீங்க? எல்லாரையும் உக்கார வச்சு, சோத்துல கை வச்சிருக்கும்போது சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க. அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கட்டும். என்னிக்குன்னு சொல்லுங்க, வண்டியெடுத்து வர்றேன்."

வைத்துவிட்டான். கிளெண்டா போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். உள்ளே ஊரே சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு மேசையில யார் யார் இருந்தாங்க, மார்லிஸ்?"

விரல் விட்டு எண்ணினோம். பதினொரு பேரில் நாலு பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். லைலின் அம்மா அதில் ஒருத்தி. மோதிரம் கிடைப்பதற்கு முந்தின குளிர்காலத்தில் போனவள், சின்ன மகன் திருடன் என்று நம்பிக்கொண்டே போனவள். கிளெண்டா அங்கேயே அழுதாள், நான் தடுக்கவில்லை.

"மிச்சப் பேரைக் கூப்பிடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை. நீயும் வரணும்."

"நான் எதுக்கு? நான் அன்னிக்கு வாயையே திறக்கலியே" என்று ஆரம்பித்தேன். மேலே பேச முடியவில்லை. அந்த ஈஸ்டருக்கு முந்தின வாரம் ராய்ஸ் என் வீட்டு வராந்தாவுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான். விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் நகைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.