பல்லவர் காலத்தில் சவுக்குத் தோப்பு கிடையாது

"சார், ராஜா காலத்துல மிளகாயே இல்லன்னா குழம்பு எப்படி சார் காரமா இருந்துச்சு?"

எழுபதுகளில் செங்கல்பட்டு வகுப்பறையில் ஒரு மாணவி கேட்டாள். மிளகு என்றேன். இன்று பேருந்தில் அவள் நினைவு வந்தது.

என் நாவலில் சிற்பியின் மகள் பல்லவ வீரர்களிடமிருந்து தப்பி மாமல்லபுரம் கடற்கரைக்கு ஓடி வருகிறாள். அவளைச் சவுக்குத் தோப்பில் ஒளித்து வைத்திருந்தேன். சவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மரமாம்! அத்தியாயமே போச்சு. அவளுக்கு வேறு இடம் தேடித்தான் இன்று கிளம்பினேன்.

கேளம்பாக்கத்தில் ஏறிய ஜவுளிக்கடை பாய், பழைய நண்பர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா வாத்தியாரே, எழுபத்திமூணுல ஸ்கூலுக்கு டிமிக்கி குடுத்துட்டு நானே சவுக்குத் தோப்புலதான் படுத்துகினு இருந்தேன். அப்பவே கீது!"

"நான் சொல்றது பல்லவர் காலம், பாய்."

"நானும் பழைய காலத்தத்தான் சொல்றேன்."

நடத்துநரும் சேர்ந்துகொண்டார். "முந்திரித் தோப்புல ஒளிய வைங்க சார். பசிச்சா பழம் துன்னலாம்."

முந்திரியும் பிற்காலத்தில் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான் என்றேன். "அப்போ அந்தப் பொண்ணு மாட்டிக்கட்டும்" என்று விசில் ஊதிவிட்டார்.

மாமல்லபுரத்தில் பாயும் என்னோடு இறங்கினார்; கடற்கரையில் சுற்றியதில் ஒரு தாழம்புதர் கிடைத்தது. தாழை பல்லவருக்கும் முந்தியது. அதற்குள் அவளை ஒளித்துவிட்டேன்.

"முள்ளு குத்துமே வாத்தியாரே?" என்றார் பாய்.

குத்தட்டும். உயிராவது மிஞ்சும்.

உங்கள் தெருவில் ஒரு மரத்தைக் காட்டி, அது நம் ஊருக்கு எப்போது வந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "எழுபதுகளிலேயே இருந்துச்சு" என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் கீழே எழுதுங்கள்.