பறித்த செடிக்குத் திரும்பி வந்தேன்

கர்ப்பப்பையை எடுத்த பிறகு அந்தப் பக்கம் நோயே வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. பிறப்புறுப்பின் உள்சுவரில் கெட்ட திட்டுகள் இருப்பதாகச் சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகலாம் என்றார்கள். லேசர் வைத்துச் சுட்டார்கள்.

“திரும்ப வரலாம்மா. வலிக்காது, தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

நான் ஓரிடத்தில் தங்குகிறவள் அல்ல. எட்டாவதோடு படிப்பை விட்டவள். மிளகுக்கு ஒரு எஸ்டேட், காப்பிக்கு ஒரு எஸ்டேட் என்று போய்க்கொண்டே இருப்பேன். அந்த வருஷம் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் மாரமங்கலம் வந்தேன். அங்கே ஜெபக்கூட்டத்தில் எழுந்து, கர்த்தர் என்னை முழுசாகச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். அப்படிச் சாட்சி சொன்னவர் மறுபடி டாக்டரிடம் போனால், விசுவாசம் இல்லை என்பார்கள். அதனால் ஆறு மாதம் ஆனபோது நான் போகவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. பனிக்குள் நடந்தால் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. மரங்கள் கரைந்து கரைந்து எதிரே வரும். “ஆண்டவரே, போகவா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லும்” என்று கேட்டுக்கொண்டே காப்பிப் பழம் பறிப்பேன்.

ஒரு காலை, ஏற்கெனவே பறித்த வரிசையிலேயே எங்களை மறுபடி விட்டார்கள். காப்பிப் பழம் ஒன்றாகப் பழுக்காது. பக்கத்து வரிசையில் சகாயமக்கா, ஜெபக்கூட்டத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பவர்.

“ஏன் கண்ணு, செடிகிட்டப் பேசிட்டு நிக்கிற?”

“சுத்தமாப் பறிச்சனுங்க்கா. மறுபடி செவந்து நிக்குது.”

“நீ பறிச்சுட்டீன்னு செடி சும்மா இருக்குமா? திரும்ப வந்து பாத்தாத்தான தெரியும்!”

கூடையைக் கீழே இறக்கினேன். ஆண்டவரிடம் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. அங்கேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அட கூறுகெட்டவளே! ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் கர்த்தர் வருவாரா? நாளைக்கே பஸ் ஏறு. நானும் வாரேன்.”

குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு மலை இறங்கினோம். பனி ஜன்னலோடு கொஞ்ச தூரம் வந்து நின்றுகொண்டது. டாக்டரம்மா பார்த்தார். சின்னதாக ஒரு புதுத் திட்டு. “நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. மறுபடி சுட்டார்கள்.

இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது எந்த எஸ்டேட்டில் இருந்தாலும் முறை தவறாமல் சேலம் போகிறேன். ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டே போகிறேன். என் பழைய சாட்சியையும் திருத்திவிட்டேன்: கர்த்தர் என்னைச் சுகமாக்கிக்கொண்டே இருக்கிறார்.

சகோதரிகளே, பயத்தை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஜெபித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். எனக்குப் பக்கத்து சீட்டில் அவர் ஓர் அக்காவை உட்காரவைத்தார். உங்களையும் தனியாக அனுப்பமாட்டார்.