டாப் கியருக்கு ஒரு கொக்கி

வண்டி வந்த அன்று

பழைய லாரி பட்டறைக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை, டிரைவர்கள் காலங்காலமாக அதில் கட்டி வைத்திருக்கும் கயிறு, கம்பி, ஆப்பு, சாக்குத்துணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதுதான். நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான். சரியாக ரிப்பேர் செய்த வண்டிக்குக் கயிறும் கம்பியும் எதற்கு? அவற்றைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இந்தப் பழக்கம் ஒரு தடவை என்னைத் தலைகுனிய வைத்தது. பழைய வண்டி புதுப்பிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

கிணத்துக்கடவில் கொப்பரை வியாபாரம் செய்கிறவர் சாந்தாமணி. வயது ஐம்பதுக்கு மேல். சிலர் நகை சேர்ப்பார்கள், இவர் லாரி சேர்க்கிறார். களத்தில் தேங்காய் காய்கிற இடம் போக மிச்சமெல்லாம் லாரிதான். மூன்று வண்டிகளை நான்தான் எழுப்பிக் கொடுத்திருந்தேன். நாலாவது, பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு டிரெய்லரில் வந்து இறங்கியது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி. மரக் கேபினில் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இது எங்கப்பா ஓட்டுன சொந்த வண்டிங்க. மேட்டுப்பாளையத்துல காய் ஏத்தீட்டு ஈரோடு போவாரு. என்னையக் காலேஜுல சேக்கறதுக்கு இதை வித்துப்போட்டாருங்க. அதுக்கப்பறம் வேற எந்த வண்டியிலயும் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லீங்க. சேசிஸ் நெம்பரை வெச்சு எட்டு வருசமாத் தேடி, காங்கேயத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில புடிச்சேனுங்க."

"அப்பா இப்ப எப்படி இருக்கறாருங்க, அம்மணி?"

"கண்ணு சுத்தமாப் போயிருச்சுங்க. ஊட்டை உட்டு வெளிய வாரதே இல்லை. பேச்சும் கொறைஞ்சுபோச்சு. அவரு ஒருக்கா இதுல உக்காரோணும் மேஸ்திரி. எனக்கு அது போதுமுங்க."

பெரியவருக்குக் கண் போய்விட்டது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை.

நான் பிடுங்கியது

கியர் ராடின் கழுத்தில் டயர் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் வார் கட்டியிருந்தது. சீட்டுப் பலகையின் விளிம்பில் ஒரு தடித்த இரும்புக் கொக்கியை ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். பழைய கியர்பாக்ஸில் பல் தேய்ந்துவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டாப் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அதற்கு அந்தக் கால டிரைவர்கள் கண்டுபிடித்த கைவைத்தியம் இது. டாப் கியரைப் போட்டதும் வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் ராடு அசையாது.

எனக்கு அது அவமானமாகப் பட்டது. வாரை அறுத்துக் குப்பையில் போட்டேன். கொக்கியைக் கழற்றிப் பழைய போல்ட் பெட்டியில் வீசினேன். ஸ்குரூ ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டேன்.

பிறகு கியர்பாக்ஸைப் பிரித்து, தேய்ந்த கியருக்குப் பதிலாகக் கோவையிலேயே லேத்தில் புதிதாகப் பல் வெட்டிப் போட்டேன். கேபினுக்குத் தேக்கு. பெயின்ட்டுக்கு மட்டும் நாற்பது நாள் ஆனது. மேலே இருந்த பூச்சையெல்லாம் சுரண்டி, அடியில் நகக்கண் அளவுக்குக் கிடைத்த பச்சையைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அசந்து போனார்கள். நானும்தான்.

பெரியவர் வந்த நாள்

அவர் பெயர் மாரப்பன். வெள்ளை வேட்டியில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பச்சையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கால் மணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தேன். கண் தெரியாதவரிடம் பெயின்ட்டைப் பற்றிப் பெருமையடித்த மடையன் நானாகத்தான் இருப்பேன். அவர் பொறுமையாக, "அப்பிடீங்களா, அப்பிடீங்களா" என்று கேட்டுக்கொண்டார்.

படியில் கால் வைத்து, யார் உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை நான் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டீரிங்கைத் தடவினார். கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டார். டாப் கியருக்கு வந்ததும் அவர் கை ராடிலிருந்து தானாக இறங்கிச் சீட்டு விளிம்புக்குப் போனது. அங்கே தேடியது. மறுபடியும் தேடியது. வழவழவென்று என் பாலிஷ்தான் இருந்தது.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, மேஸ்திரி. ஆரு வண்டிங்க இது?"

"அப்பா, நம்ம வண்டிங்கப்பா" என்றார் சாந்தாமணி.

"இல்லை கண்ணு. நீ அப்பனை ஏமாத்த மாட்டே. உன்னைய எவனோ ஏமாத்திப்போட்டான். என்னைய எறக்கி உடு."

எட்டு வருடம் தேடியவர், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

"ஐயா, ஒரு நிமிசமுங்க. சீட்டோரத்துல என்னங்க தேடுனீங்க?"

"கொக்கிங்க. எங்கூட்டுக் கிணத்து வாளிக் கொக்கி. டாப் கியரு நழுவி ஒருக்கா லோடோட வேலிக்குள்ள உட்டுப்போட்டேன். என்ற சம்சாரமும் இந்தப் புள்ளையும் அன்னிக்கு வண்டியில இருந்தாங்க. அடுத்த நாளே அவ வாளியில இருந்த கொக்கியைக் களட்டிக் கையில குடுத்துப்போட்டா."

"அஞ்சு நிமிசம் எறங்காம இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். எந்தப் பழைய இரும்பையும் எடைக்குப் போட மனம் வராத என் கஞ்சத்தனம் அன்று என்னைக் காப்பாற்றியது. கொக்கி போல்ட் பெட்டியின் அடியில் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் பாலிஷைக் கிழித்து மக்கைக் குத்தி எடுத்தேன். பழைய ஓட்டையில் பழைய ஸ்குரூ கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு டியூபை வெட்டிக் கியர் ராடில் கட்டினேன்.

பெரியவரின் கை மறுபடியும் இறங்கி வந்தது. கொக்கியின் வளைவில், வாளிக் கைப்பிடி உராய்ந்து உராய்ந்து விழுந்திருந்த பள்ளத்தில் அவர் விரல் நின்றது. விரலை வெகுநேரம் அங்கிருந்து எடுக்கவில்லை. பிறகு வாரை இழுத்து மாட்டினார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இப்பப் புது கியருங்கய்யா. நழுவாதுங்க" என்றேன்.

"இருக்கட்டுமுங்க. மாட்டிப்போட்டீங்களான்னு டாப்புல போறப்பெல்லாம் என்ற சம்சாரம் கேப்பா. அவ போயிச் சேந்துட்டா. அதுக்காவ மாட்டாம இருக்க முடியுங்களா?" என்றவர், மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "அம்மணி, ஏன் கீழயே நிக்கறே? ஏறிக்கோ."

அதற்குப் பிறகு

இப்போதெல்லாம் பழைய லாரி வந்தால் நான் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் தேடிப் பிடித்துக் கூட்டி வருகிறேன். கண்ணை மூடி உட்காரச் சொல்லி, கை எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்கிறேன். வட்டத்துக்குள் இருப்பதைக் கேட்காமல் கழற்றுவதில்லை.

அந்த வண்டி இன்றும் கிணத்துக்கடவுக் களத்தில் நிற்கிறது. சீட்டோரத்தில் நான் கிழித்த பாலிஷைச் சரி செய்து தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். சாந்தாமணி விடவில்லை. வண்டி பார்க்க வருகிறவர்கள் அந்தக் கீறலைக் காட்டிக் கேட்டால், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார்:

"அந்த எடந்தானுங்க எங்கப்பா வண்டி. மத்ததெல்லாம் மேஸ்திரி வண்டிங்க."