மயிலாத்தா அக்காவின் உப்பில்லாச் சோறு

சிறுநீரகம் பழுதாகி எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துபோகும் வேலுச்சாமி அண்ணன் அன்று நடந்து வரவில்லை. ஆட்டோவிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நான் அப்போது சீனியர் நர்ஸ். எடை பார்த்தால், போன தடவை டயாலிசிஸ் முடித்து அனுப்பியபோது இருந்ததைவிட ஐந்து கிலோ கூடுதல். அத்தனையும் தண்ணீர். மெஷினில் ஒரேயடியாக இழுத்தால் பிபி விழும்; இழுக்காவிட்டால் நுரையீரல் நிரம்பும்.

எப்படியோ தப்பினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் நிற்காது. நானும் அவர்கள் பேச்சுப் பேசும் அதே பக்கத்துக்காரிதான். "ஏனுங்ண்ணா, மலம்புழா டேமையே குடிச்சுப்போட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தாகம் தாங்கலீங் சிஸ்டர். நாக்கு ஒட்டிக்குதுங்க."

இந்த வேலையில் தாகம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் உப்பைத்தான் தேடுவோம். ஊறுகாயா, அப்பளமா, கருவாடா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். அவர் மனைவி மயிலாத்தா அக்கா மட்டும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. சோத்துல உப்புப் போடறீங்களா?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. "உப்பில்லாம ஆக்கறது எளவு ஊட்டுப் படையலுக்குங்க சிஸ்டர். உசிரோட இருக்கற மனுசனுக்கு நான் எப்படீங்க அதை ஆக்கி வெப்பேன்? படையலாயிடக் கூடாதுன்னு ஒரே ஒரு கல்லுதான் போட்டனுங்க. அன்னிக்கு ரெண்டு வாய் கூடத் தின்னாரு. அப்புறம் என் கை நிக்கலீங்க."

எனக்குச் சுருக்கென்றது. செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றில் எங்கள் வீட்டிலும் உப்புப் போடமாட்டார்கள். அந்த அம்மா தினமும் அடுப்படியில் நின்று புருஷனுக்குப் படையல் ஆக்குவதாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். சார்ட்டில் 'உப்பைக் குறைக்கவும்' என்று எழுதினால் இதற்கு மருந்தாகுமா? உப்பு எப்படித் தாகமாகி, தண்ணீராகி, மூச்சை அடைக்கிறது என்று மட்டும் பொறுமையாகச் சொன்னேன். படையல் விஷயத்தை அவரிடமே விட்டேன். "யோசிங்க அக்கா" என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த டயாலிசிஸுக்கு எடை அவ்வளவாக ஏறவில்லை. அதற்கடுத்த தடவை இன்னும் குறைவு. அண்ணன் தன் காலிலேயே நடந்து வந்து, "மல்லாந்து படுத்துத் தூங்கறனுங்க சிஸ்டர்!" என்று சிரித்தார்.

"என்னக்கா மாயம் பண்ணுனீங்க?"

"ஒரே சட்டிதானுங்க இப்ப. சீரகம், மொளகு, எலுமிச்சை ஒரு பிழி. நானும் அதையேதான் திங்கறேன். உசிரோட இருக்கறவங்க ரெண்டு பேரு எதுருக்கெதுரு உக்காந்து திங்கறது எப்படீங்க படையலாகும்?"

அப்படியே கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு புதிதாக யார் சேர்ந்தாலும், உப்பு எவ்வளவு என்று கேட்கும் முன் "வீட்ல யாரு கூட உக்காந்து சாப்பிடுவீங்க?" என்றுதான் கேட்டேன். அந்த ஆளையும் வரச்சொல்லிப் பேசினேன். இளம் நர்ஸுகளே, நீங்களும் அப்படியே கேளுங்கள். தனக்கு மட்டும் தனிச் சட்டி என்றால் யாருக்கும் சோறு இறங்காது.

நான் ரிட்டயர் ஆன அன்று யூனிட்டில் கேக் வெட்டினார்கள். மயிலாத்தா அக்கா ஒரு தூக்குப்போசியோடு வந்தார். அண்ணனும் கூடவே வந்தார். தூக்கைத் திறந்தால் அரிசியும்பருப்புச் சோறு.

"சிஸ்டருக்கு மட்டும் உப்புப் போட்டுக் கொண்டாரலாம்னேன். இவ ஒத்துக்கலீங்க" என்றார் அண்ணன்.

"அவிங்களும் நம்மகூட உக்காந்து திங்கட்டுமுங்க" என்றார் அக்கா.

மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சத்தியமாக ஒரு கல் உப்பில்லை. இன்னொரு கரண்டி போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.