சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்

ரேணுகாவுக்கு எழுத்து நிற்காது. அவள் அதை அப்படித்தான் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும். ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி மேலேறி வந்துவிடும். வயது முப்பத்தெட்டு. இன்றைக்கும் பஸ் போர்டைப் படிக்க மாட்டாள், டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள். இப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆப் வடிவமைக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா? கட்டபெட்டில் அவளுக்கு அறை வாடகைக்கு விட்ட ஹார்டுவேர்க் கடைக்காரரே நம்பவில்லை. "போனைக் கையில வெச்சிக்கிட்டு என்னமோ பண்றாங்க" என்று சொல்லிவிட்டு ஆணி எடை போடப் போய்விட்டார்.

ஆனால் அது உண்மை. கோத்தகிரியில் ஒரு சின்ன அறக்கட்டளை. படிப்பு ஏறாத பிள்ளைகள் என்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிவைத்தவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம். அங்கே ரேணுகா உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருஷம். காதால் கேட்டுப் படிக்க ஒரு ஆப் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, அதை எழுதிக்கொடுக்க வந்த கோயமுத்தூர்ப் பையன் ஜெகதீசன் முதலில் காட்டிய மாதிரியில் பெயர் எழுது, வகுப்பைத் தேர்ந்தெடு, பாடத்தைத் தேடு என்று நான்கு திரை நிறைய எழுத்து. ரேணுகா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "படிக்க முடியாத புள்ளைக்குத்தான இது? அந்தப் புள்ள உள்ள நொழையவே நாலு பக்கம் படிக்கணுமா தம்பி?" ஜெகதீசனுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சொல்வதுதான் வடிவம்.

ஒரே ஒரு பெரிய பொத்தான். தொட்டால் பேசும், மறுபடி தொட்டால் நிற்கும். விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். டவர் இல்லாத இடத்திலும் ஓடும். மார்க்கு கிடையாது, மணி அடிக்காது, "தவறு" என்று சொல்லாது. கடைசியாக ஒன்று: ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்லும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை.

"ஏனுங்க்கா, ஒரு வரிய ரெண்டு தடவ சொன்னா ஃபைல் ரெண்டு மடங்கு ஆவுது. நானும் பத்தாவது படிச்சவன்தானுங்க. யாருங்க்கா இப்படிப் படிப்பாங்க?"

"எங்க லயத்துல படிப்பாங்க."

"யாரு?"

"ஒரு புள்ள" என்றாள் ரேணுகா.

அந்தப் பிள்ளையின் பெயர் ஸ்ரீமதி. கீழ் கோத்தகிரி சரிவில் ஒரு எஸ்டேட். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கிய லயம். வரிசையாக வீடுகள், காம்பரா என்பார்கள். ரேணுகாவுடையது பதினேழாம் நம்பர், ஸ்ரீமதியுடையது பதினெட்டு. நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்போது இரண்டு பேரும் ஒரே பத்தாம் வகுப்பு. ஆனால் பேச்சு வார்த்தை கிடையாது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் குடம் முந்தி என்று இரண்டு அம்மாக்களும் முடியைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து, குடும்பத்தோடு முகம் பார்ப்பதில்லை. "அவ ஊட்டு நெழல்கூட இங்க விழக்கூடாது" என்று ரேணுகாவின் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஸ்ரீமதி வகுப்பில் முதல். ரேணுகா கடைசி பெஞ்சு, மக்கு என்ற பட்டம் வேறு. ஆனால் சாயங்காலமானால் ஸ்ரீமதி சத்தம் போட்டுப் படிப்பாள். ஒரு வரியை ஒரு தடவை, அதே வரியை இன்னொரு தடவை. "மனித இதயம் நான்கு அறைகள் கொண்டது. மனித இதயம் நான்கு அறைகள் கொண்டது." இந்தப் பக்கம் ரேணுகா விறகு அடுக்குகிற சாக்கில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அத்தனையையும் காதில் வாங்கிக்கொள்வாள். திருட்டுத்தனம்தான். பிறத்தியார் படிப்பைத் திருடுகிறோம் என்று கூசும், ஆனாலும் எழுந்து போக மனசு வராது.

அந்த வருஷம் தை மாதம் ரேணுகாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். போச்சு, நான்கு நாள் பாடம் போச்சு என்று அழுதுகொண்டேதான் வீடு திரும்பினாள். வந்த அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அதே இதயம், அதே நான்கு அறைகள். ஸ்ரீமதிக்கும் உடம்பு சரியில்லை போல, நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

பரீட்சையில் எழுத்துப் பிழையோடு கிறுக்கிக் கிறுக்கி எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். வாத்தியார்களே வாயைப் பிளந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஸ்ரீமதியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். லயமே கல்யாணத்துக்குப் போனது, ரேணுகா போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தம் தேய்ந்த பிறகு அந்தச் சுவர் வெறும் சுவராகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா போனார், அம்மா போனாள், காம்பராவை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கல்யாணம் கூடிவரவில்லை, அவளும் கேட்டுக்கொண்டு திரியவில்லை.

கட்டபெட்டு அறையில் அவளோடு பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கழிந்து, திங்கட்கிழமை கண்டக்டரிடம் ஊர் பேர் சொல்லும்போது தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். ஆப்புக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த அறையில் மனிதச் சத்தம் கேட்டது. ஆசிரியர் பொன்ராஜ் ஒவ்வொரு வரியாகப் படித்து போனில் அனுப்புவார். அவள் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, தகரத்தில் விழும் மழைச் சத்தம் உள்ளே வராமலிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு தடவை சொல்லுவாள். நாற்பத்திரண்டு பாடங்கள். இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கம்பளிக்குள் உட்கார்ந்து பேசித் தீர்த்தாள்.

அவளுடைய பழைய எஸ்டேட்டிலேயே, பெற்றோர் கையெழுத்து வாங்கி, ஆறு வீடுகளில் ஒரு மாதம் சோதனை என்று ஏற்பாடாயிற்று. அறக்கட்டளையின் நிர்வாகி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு வீட்டிலயாவது தினமும் கேக்கணும் ரேணுகா. இல்லைன்னா உங்க குரலை எடுத்துட்டு கம்ப்யூட்டர் குரலைப் போட்டுடலாம். ஒரு தடவை சொன்னாப் போதும். வேலையும் சீக்கிரம் முடியும்." ரேணுகா தலையாட்டினாள். குரலை எடுத்துவிட்டால் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதக் கடைசியில் ஜெகதீசன் போன் செய்தான். எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, எந்தப் பாடம் ஓடியது என்று ஆப் குறித்துவைத்திருக்கும்.

"அஞ்சு ஊட்டுல ஒண்ணுமே இல்லைங்க்கா. ஹெட்போனு குடுத்தமே, அதுல அண்ணனுங்க பாட்டு கேக்கறாங்களாம். ஆனா ஒரு ஊட்டுல மட்டும் தெனமும் ஆறரை மணிக்கு ஓடுதுங்க. ஒரு நாள்கூட விடல. நடுவுல ஒரே பாடம் மூணு நாளு திருப்பித் திருப்பி ஓடியிருக்குது."

ஐந்து வீடு ஏன் விழுந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. லயத்துச் சுவரில் எது நிற்கும்? ஆப்பைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மறுநாள் பிள்ளைக்கு மக்கு என்று பெயர் வந்துவிடும். சுவர் வழியாகவே படித்துத் தேறியவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த ஒரு வீட்டுக்குப் போனாள். கொழுந்து பறிக்கிற தெய்வம்மாவின் வீடு. மகள் ராஜகுமாரிதான் பத்தாம் வகுப்பு. தெய்வம்மா பீலிக்குப் போயிருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே ரேணுகாவின் குரல் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது, முழுச் சத்தத்தில். ஆனால் ராஜகுமாரி வாசலில் உட்கார்ந்து யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். போன் உள்ளே, அடுப்பு மேடைக்கு மேல், சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ரேணுகாவுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, சும்மா ஓட விட்டுட்டு வெளிய உக்காந்திருக்கியா? கணக்கு காட்டவா? நான் தொண்டத் தண்ணி வத்தப் பேசினது செவுத்துக்கா?"

ராஜகுமாரி பதறிப்போய் ஈரக்கையோடு எழுந்தாள். "சத்தமாப் பேசாதீங்க டீச்சர். எனக்கும் இங்க கேக்குது. அந்தப் பக்கம் அன்னக்கிளி இருக்கா."

"எந்த அன்னக்கிளி?"

"பக்கத்துக் காம்பரா. என் கிளாசுதான். அவளுக்கும் என்ன மாதிரி எழுத்து வராது. நீங்க வந்து கேட்டப்ப அவங்கப்பா கையெழுத்து போடல, எம்புள்ள மக்கான்னு சண்டைக்கு வந்தாரே, அவங்கதான். அதான் செவுத்துப் பக்கமா வெக்கிறேன்."

"அவளக் கூப்பிட்டு உக்கார வெச்சிக்கலாம்ல?"

"ஐயோ, வேணாம் டீச்சர். அவளுக்காக வெக்கிறேன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக் கேக்க மாட்டா. என்னத்தான் எல்லாரும் மக்கு பாடம் கேக்குறான்னு கேலி பண்றாங்க. பண்ணிட்டுப் போறாங்க."

ரேணுகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மூணு நாளு ஒரே பாடத்த வெச்சியே, ஏன்?"

"அவ காய்ச்சல்னு மாமா வீட்டுக்குப் போயிருந்தா. பாடம் நகந்துட்டா அவளுக்கு விட்டுப்போயிடும்ல?"

ரேணுகா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவள் குரல் ஒரு வரியைச் சொல்லி, அதே வரியை மறுபடி சொன்னது. வகுப்பில் முதலாவது வருகிற ஸ்ரீமதி எதற்காக ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கவேண்டும்? ஒரு தடவை பார்த்தால் மனப்பாடம் ஆகிவிடுமே அவளுக்கு! இருபத்து மூன்று வருஷம் இதை யோசிக்காமல் இருந்திருக்கிறாள். திருடினோம் திருடினோம் என்று கூனிக்குறுகியவள், கொடுத்தவளின் கல்யாணத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டவள். பாவி நான், என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ராஜகுமாரி புரியாமல் பார்த்தாள்.

தண்ணீரோடு வந்த தெய்வம்மாவிடம் ஸ்ரீமதியின் போன் நம்பர் இருந்தது. தூரத்து உறவாம்.

நிர்வாகி அம்மாவிடம் கணக்குச் சொல்லும் நாள் வந்தது. இரண்டு பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே அன்னக்கிளி வீட்டுக்குக் கையெழுத்து வாங்க ஜீப் போகும். அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிடும். ரேணுகா ஒரு வீடு என்று மட்டும் சொன்னாள். அடுத்த பாடங்களுக்குக் கம்ப்யூட்டர் குரல் என்று முடிவாயிற்று. "பழச அழிச்சிரலாங்களா?" என்று ஜெகதீசன் கேட்டான். "அந்த ஒரு ஊட்டுப் போன்ல மட்டும் கை வெக்காத தம்பி, பரீட்சை முடியட்டும்" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கே அவனைக் கும்பிடத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம்பரை வாயால் சொல்லிப் போனையே அழைக்கவைத்தாள். மணி போயிற்று. எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சல், திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை போல.

"யாருங்க?"

"நான் ரேணுகா. பதினேழாம் நம்பர் காம்பரா."

இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று பயந்து ரேணுகா அவசரமாகச் சொன்னாள். "எனக்கு மஞ்சக் காமாலை வந்தப்ப நாலு நாளு பாடத்த நிறுத்தி வெச்சிருந்தியா?"

"நாலு இல்ல" என்றது அந்தக் குரல். "அஞ்சு நாளு."

ஸ்ரீமதியே தொடர்ந்தாள். "உனக்காகத்தான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா வெட்டிருவான்னு பயந்து பயந்து படிச்சேன். நீ கேக்குறியா, இல்ல நான் செவுத்துக்கிட்டதான் பேசிட்டிருக்கனான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவ செவுத்தத் தட்டியிருக்கக் கூடாதாடி?"

ரேணுகாவுக்குப் பக்கத்தில் அவளுடைய அறைச் சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் சிமெண்டு மூட்டைகள்தான், ஆள் கிடையாது. போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினாள்.

"கேட்டுச்சு" என்றாள் ஸ்ரீமதி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சூப்பர்வைசர் பாக்குறாரு, வெக்கிறேன்" என்று சொன்னாள். ஆனால் உடனே வைக்கவில்லை.