மேற்குப் பக்கத்து வீட்டைக் காலி செய்யவும்

கோர்ட் வேலையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். போன வாரம் தெரிந்தவர் ஒருவருக்காக, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் மனுவை ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘சொத்தின் நான்கு எல்லைகள்’ என்று ஒரு கட்டம் வந்ததா, தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

நெய்வேலியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன், அதுதான் முதல் வேலை. கதவைத் திறந்தாலே ஸ்டாம்பு ஒட்டும் மைதா பசை வாசனை அடிக்கும். மனுக்களை ஊசியால் குத்தி நூல் கோப்பேன். காகிதத்தைவிட என் விரலைக் குத்தியதுதான் அதிகம். மாவு என்றதும் செல்வியக்கா ஞாபகம். இட்லிக் கடையைப் போட்டது போட்டபடி, புறங்கையில் காய்ந்த மாவோடு ஒரு நாள் ஓடிவந்தார்.

அவருடைய வீட்டு ஓனர் சுரங்கத்தில் ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, கம்மாபுரம் ரோட்டில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்திருந்தார். ஒரே வீடு, இரண்டு பகுதி. ஒன்றில் அவர், மற்றதில் செல்வியக்காவும் ப்ளஸ் டூ படிக்கும் மகளும். தன் மகன் கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று மனு போட்டிருந்தார். பதில் தாக்கல் செய்ய அன்றே கடைசி நாள். விட்டால், நம் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

“பரிட்ச முடியறவரைக்கும் இருந்துக்கறோங்க. நடுவுல வூடு மாறினா புள்ள படிப்பு போயிடும்.”

அவசரமாக மனுவைப் படித்துக் காட்டினேன். “வீட்டின் மேற்குப் பகுதியை…”

“மேற்கயா? மேற்க அவுருல்ல குந்திக்கினு இருக்காரு! நாங்க கெழக்கங்க!”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எங்கே! நான் சுரங்கக் குடியிருப்பு பிளாக்கில் பிறந்தவள். எங்களுக்குத் திசை கிடையாது. பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர்தான். சாமி படத்தை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அம்மாவே ஐயரைத்தான் கேட்பாள். ஓனரும் திசை தெரியாத எங்கள் ஜாதிதான் என்று அப்போதுதான் புரிந்தது. மனுஷர் தன்னையே காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்!

வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “திருத்தி மனு போட்டுடுவாரும்மா. ஆனா கொஞ்ச நாள் கிடைக்கும், பதிலை டைப் அடி.” அடித்தேன். கோர்ட் மூடுவதற்குள் சேர்த்துவிட்டேன்.

விசாரணையன்று நீதிபதி ஓனரைக் கேட்டார்: “உங்க வீட்டை விட்டு நீங்களே போகணுங்கறீங்களா?”

“ஐயா, முப்பது வருஷம் குவார்ட்டர்ஸ்ல இருந்தவன். பிளாக் நம்பர் கேளுங்க, சொல்றேன். கெழக்கு மேக்கு கேட்டா எப்படிங்க?”

கோர்ட்டே சிரித்தது. செல்வியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வராந்தாவில் ஓனரே வந்து கேட்டார், “பாப்பாவுக்குப் பரிட்ச எப்பம்மா?”

“பங்குனியிலங்க.”

“கல்யாணம் வைகாசியில. இத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க எங்கங்க கேட்டீங்க?”

மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். பெண் பாஸானாள். கல்யாணமான மகன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட, செல்வியக்கா அங்கேயே இருந்துவிட்டார். ஓனருக்குக் காலை இட்லி அங்கிருந்துதான்.

சில வருஷம் கழித்து அந்தத் தெருவையே சுரங்கத்துக்கு எடுத்தார்கள். இன்றைக்கு அங்கே வீடும் இல்லை, தெருவும் இல்லை. கடைசி நாளில் நானும் போயிருந்தேன். இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே லாரியில் ஏறின. டிரைவர் எந்த ஊர் என்று கேட்டதற்கு, ஓனர் சொன்னார்: “ரெண்டு வூடு சேந்தாப்புல எங்க கெடைக்குதோ, அங்க விடுப்பா.”